மேட்டு டேவான்

யோங் பெங்கில் பெய்தாலும் சிங்கப்பூரில் பெய்தாலும் மழை ஒன்றுதான் என்பாள் ஸ்டெஃபனி. ஆண்டு முடிகிற சமயத்தில் வடக்கிலிருந்து குளிர்ந்த காற்று கிளம்பும். தென்சீனக் கடலின் மேல் வருகிற வழியெல்லாம் வெதுவெதுப்பான தண்ணீரிலிருந்து ஈரத்தை வாரிக்கொண்டே வரும். கரையைத் தொட்டதும் சுமை தாங்காமல் இறக்கி வைத்துவிடும். மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் போகும் கடற்பாலத்துக் குடிநுழைவு வரிசையில் மோட்டார் சைக்கிள்களுக்கு நடுவே நின்றபடி அவள் அண்ணாந்து பார்ப்பாள். உலு திராமில் அவளோடு கிளம்பிய மேகம் அவளுக்கு முன்பே அக்கரைக்குப் போய்ச் சேர்ந்து, அங்கே பெய்யவும் தொடங்கியிருக்கும்.

அவளுக்கு வேலையே மழையோடுதான். சிங்கப்பூரில் ஒரு பொறியியல் நிறுவனத்தில், எவ்வளவு மழை பெய்தால் எந்தக் கால்வாயில் எவ்வளவு நீர் ஓடும் என்று கணக்கிட்டுச் சொல்ல வேண்டும். வாரநாட்களில் மலேசியக் கரையில், ஜொகூர் மாநிலத்து உலு திராமில் வாடகை அறை. வார இறுதியில் அதே மாநிலத்து யோங் பெங்கில் அப்பா வீடு.

சென்ற ஆண்டு அலுவலகத்தில் அவளிடம் ஒரு பெரிய வேலையைக் கொடுத்தார்கள். பருவநிலை மாறிக்கொண்டே போனால் மலேசியா எவ்வளவு பாதிக்கப்படும், சிங்கப்பூர் எவ்வளவு பாதிக்கப்படும் என்று ஒப்பிட்டுச் சொல்ல வேண்டும். அதை மற்றவர்களுக்கு விளக்க அவள் பல்லைத்தான் எடுத்துக்கொள்வாள். இரண்டு பேர் ஒரே ஐஸ் தண்ணீரைக் குடிக்கிறார்கள். ஒருவருக்குப் பல் கூசுகிறது, மற்றவருக்கு ஒன்றும் இல்லை. தண்ணீர் ஒன்றுதான், பல்தான் வேறு. நாட்டுக்கும் அப்படித்தான். காற்று ஒரு டிகிரி சூடானால் அதனால் ஏழு விழுக்காடு கூடுதல் ஈரத்தைச் சுமக்க முடியும். அந்தக் கூடுதல் மழை எங்கே விழுந்தால், யாருக்கு, எவ்வளவு கூசும்?

சிங்கப்பூருக்குக் கடல் பக்கம் கூசும். தீவில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு நிலம் கடலைவிட ஐந்து மீட்டர்கூட உயரம் இல்லாதது. கடல் ஏறினால் ஒதுங்கிப் போக வேறு ஊர் கிடையாது. மலேசியாவுக்கு ஆற்றுப் பக்கம் கூசும். ஆனால் அது பெரிய நாடு. மேடு உண்டு, மலை உண்டு, தண்ணீர் வந்தால் ஏறி நிற்க இடம் உண்டு. அதற்கு அவள் மலேசியாவுக்கு நல்ல மதிப்பெண்ணே கொடுத்தாள். மேலதிகாரிக்கும் அந்தப் பகுதி பிடித்திருந்தது.

கல்யாணப் பேச்சு நடந்தபோது இதே கணக்கைத்தான் அவள் கெர்ட்ரூட்டின் சமையலறைக்குக் கொண்டுபோனாள்.

கெர்ட்ரூட், அவள் கட்டிக்கொள்ளப்போகும் லெஸ்லியின் அம்மா. கணவர் இல்லை. சிங்கப்பூர் ஈசூனில் அடுக்குமாடி வீடு. லெஸ்லி கப்பலில் பொறியாளன். பிப்ரவரியில் கப்பலேறினால் ஆண்டு முடியும்போதுதான் திரும்புவான். இருவருக்கும் பதிவுத் திருமணம் எப்போதோ ஆகிவிட்டது. ஆனால் பாதிரியார் முன்னால் தாலி ஏறாதவரை இரண்டு வீட்டிலும் அதை யாரும் கல்யாணம் என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். அவன் அவன் வீட்டில், அவள் அவள் அறையில்.

தேவாலயத்து நாட்காட்டியும் மழையின் பக்கமே நின்றது. டிசம்பர் திருவருகைக் காலம், அதில் கல்யாணம் வைக்க மாட்டார்கள். சாம்பல் புதன் வந்துவிட்டால் தவக்காலம், அப்போதும் வைக்க மாட்டார்கள். இரண்டுக்கும் இடையில் எஞ்சுவது ஜனவரியும் கொஞ்சம் பிப்ரவரியும். அதனால் ஜொகூர் கத்தோலிக்கத் தமிழர்கள் பாதிப் பேர் குடைக்குள்தான் மாலை மாற்றுகிறார்கள். லெஸ்லி கப்பலேறுமுன் தேவாலயத்தில் நாள் கிடைத்ததும் ஜனவரியின் கடைசிச் சனிக்கிழமைக்குத்தான். தவறினால் ஓராண்டு போய்விடும்.

"அப்ப இங்கயே வச்சிரலாமே," என்றார் கெர்ட்ரூட். "யோங் பெங்ல ரோடு முழுகின படத்த எல்லாரும் பாத்தாச்சு. என் சொந்தக்காரங்க பட்டுச் சேலையோட நீந்தணுமா?"

"ஆண்டி, உங்க பேக்கிங் டிரே ரெண்டு குடுங்க," என்றாள் ஸ்டெஃபனி.

"எதுக்கு?"

"கொண்டாங்க, காட்றேன்."

ஒரு தட்டில் அலுமினியத் தாளை விரித்தாள். இன்னொன்றில் பாத்திரம் கழுவும் ஸ்பாஞ்சுகளை நெருக்கமாக அடுக்கினாள். இரண்டையும் லேசாகச் சாய்த்து வைத்து, இரண்டின் மேலும் ஒரே அளவு தண்ணீரை ஊற்றினாள். தாளில் விழுந்தது அப்படியே வழுக்கிக்கொண்டு ஓடிக் கீழ்விளிம்பில் குபுக்கென்று பொங்கியது. ஸ்பாஞ்சு சத்தமில்லாமல் குடித்துக்கொண்டது.

"இது சிங்கப்பூர். எல்லாம் சிமெண்டு. மழை விழுந்த உடனே ஓடும், கால்வாய் தாங்கலன்னா ரோட்டுல நிக்கும். இது யோங் பெங். செம்பனைத் தோட்டம், சேத்து மண்ணு. முதல்ல குடிக்கும். அதுவும் குடிச்சு முடிச்சாத்தான் தண்ணி மேல வரும். டேவான் இருக்கிற மேட்டுக்கு எந்தக் காலத்துலயும் வந்ததில்ல. நான் உயரம் பாத்துத்தான் அப்பாவை புக் பண்ணச் சொன்னேன்."

டேவான் என்றால் ஊர்ப் பொது மண்டபம். கெர்ட்ரூட் ஸ்பாஞ்சை விரலால் அழுத்திப் பார்த்தார். அழுக்குத் தண்ணீர் பிதுங்கியது.

"என் டிரேய நாசம் பண்ணிட்டே," என்றார். பிறகு, "நாளைக்கு ஒண்ணு ஆச்சுன்னா உன்னத்தான் கேப்பேன்," என்று சம்மதித்தார்.

லெஸ்லி வாசல் நிலையில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தான். "மா, அவ கணக்குப் போட்டா தப்பாது. என்னயும் கணக்குப் போட்டுத்தான் எடுத்துக்கிட்டா."

ஜனவரி கடைசி வாரத்தில் மழை பிடித்துக்கொண்டது. அடித்துப் பெய்யவில்லை. இடியில்லை, மின்னலில்லை. யாரோ ஒருவர் கதவைத் திறந்து வைத்துவிட்டு மறந்து போனதுபோல அது பெய்துகொண்டே இருந்தது. பகல் எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது என்று தெரியாத சாம்பல் வெளிச்சம். ஸ்டெஃபனி விடுப்பு எடுத்து யோங் பெங்குக்கு வந்திருந்தாள். வழியெல்லாம் நெடுஞ்சாலையின் இரு பக்கமும் எண்ணெய் எடுக்கிற செம்பனை வரிசைகள் தண்ணீரில் தலைகீழாக நின்றன. எது மரம், எது நிழல் என்று ஒரு கணம் தெரியவில்லை. பேருந்து தரையில் போகிறதா, இரண்டு தோட்டங்களுக்கு நடுவே மிதந்து போகிறதா என்றும் தெரியவில்லை.

என்ன நடக்கிறது என்று மட்டும் அவளுக்குத் தெரியும். ஸ்பாஞ்சு நிறைந்துவிட்டது. இனி விழுவதெல்லாம் ஆற்றுக்குப் போகும். ஆறோ மெள்ளப் போகிற ஆறு. பத்து பகாட் பக்கம் கடலில் சேரும்வரை அதற்குச் சரிவே இல்லை என்று சொல்லலாம். கடலில் ஓதம் ஏறியிருந்தால் முகத்துவாரத்தில் வழி கிடைக்காது. முன்னால் போகிற நீர் நின்றால் பின்னால் வருகிற நீரும் நிற்கும். இப்படியே நின்று நின்று, கடலிலிருந்து எவ்வளவோ உள்ளே இருக்கிற யோங் பெங்கில் ஒரு வீட்டுக் குளியலறை ஓட்டை வழியாகத் தண்ணீர் தலை நீட்டும்.

வியாழக்கிழமை பிற்பகல் அவளும் அப்பா சந்தனசாமியும் மேடை அலங்காரத்துக்கு அளவெடுக்க டேவானுக்குப் போனார்கள். மேட்டுப் பாதையில் ஏறும்போதே வாகனங்கள் வரிசையாக நின்றன. படிக்கட்டு நிறையச் செருப்புகள்.

உள்ளே இன்னொரு ஊர் இருந்தது. கட்டைச் சுவர் உயரத்துக்குத் துணிக் கூடாரங்கள், நீலமும் வெள்ளையுமாக, மண்டபத்தின் இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை. இடையிடையே தெருக்கள். தெருக்களில் பால் புட்டிகள், பள்ளிப்பைகள், ஒரு கிளிக்கூண்டு, மடித்து வைத்த சக்கர நாற்காலி. உயரத்து ஜன்னல்களிலிருந்து வந்த மங்கிய ஒளியில் கூடாரங்கள் உள்ளிருந்து எரிகிற விளக்குகள்போலத் தெரிந்தன. யாரும் உரக்கப் பேசவில்லை. கூரைமேல் மழை மட்டும் பேசியது.

ஸ்டெஃபனி வாசலிலேயே நின்றுவிட்டாள். அந்த நொடியில் அவளுக்கு விளங்கியது. தண்ணீர் வராத இடத்தைத் தேடி எடுத்தாள். தண்ணீர் வந்தால் ஊர் முழுக்கத் தேடிப் போவதும் அதே இடம்தான். இத்தனை காலம் சிங்கப்பூர்க் கால்வாய்களுக்குக் கணக்குப் போட்டவளுக்கு அது தோன்றவே இல்லை. அங்கே நீர் வரும், முழங்காலை நனைக்கும், ஒரு மணி நேரத்தில் வடிந்துவிடும். யாரும் பாயைச் சுருட்டிக்கொண்டு எங்கேயும் போவதில்லை. "மேடு உண்டு" என்று மலேசியாவுக்கு மதிப்பெண் போட்டாளே, அந்த மேட்டை அவள் வெறும் நிலமாகப் பார்த்திருந்தாள். அது இப்படிப் பால் புட்டிகளோடும் கிளியோடும் இருக்கும் என்று நினைக்கவில்லை.

"நாம மூணு மாசம் முன்னாடியே புக் பண்ணிட்டோம்," என்றார் சந்தனசாமி. "சர்ச்லயும் காலைல தண்ணி பீடத்துப் படி வரைக்கும் வந்திருச்சாம். ஃபாதர் போன் பண்ணாரு. ஸ்டெஃபி, எனக்குத் தெரிஞ்ச ஆளு இருக்காரு. ஒரு போன் போட்டா இவங்கள கீழ இருக்கிற பள்ளிக்கூடத்துக்கு மாத்திருவாங்க. ரெண்டு நாள்தானே."

"அந்தப் பள்ளிக்கூடம் எவ்வளவு உயரத்துல இருக்குப்பா?"

"இப்ப காஞ்சுதான் இருக்கு."

"இப்ப காஞ்சிருக்கு. ஆத்துல இன்னும் உச்சத் தண்ணி வரலை. மேல பெஞ்ச மழை நாளைக்குத்தான் இங்க வந்து சேரும். நாளைக்கு ஓதமும் பெருசு. ராத்திரி அங்க தண்ணி ஏறும்பா. தூங்கிட்டு இருக்கிறவங்களத் திரும்ப எழுப்பி இதே மேட்டுக்குக் கூட்டிட்டு வரணும்."

"அப்ப கல்யாணம்? மாப்பிள்ளை கப்பலேறிட்டா ஒரு வருஷம் போச்சுமா. அந்தம்மா என்ன சொல்வாங்க?"

போன் செய்ய வேண்டாம் என்பது மட்டும் அவளுக்கு உறுதியாகத் தெரிந்தது. செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே நடந்தாள். பின்பக்கத்திலிருந்து தாளிப்பு மணம் வந்தது. சமையற்கூடத்தில் ஒரு பெண் பெரிய அண்டாவில் சார்டின் மீன் போட்ட காரச் சம்பலைக் கிளறிக்கொண்டிருந்தாள். கையுறை, தலையில் பிளாஸ்டிக் தொப்பி. கோழித் தொழிற்சாலையில் வேலை செய்கிற பழக்கத்தில் அவற்றை மாட்டியிருந்தாளாம். பெயர் கிருஷ்ணம்மா. ஆற்றோரத்துத் தாமான் குடியிருப்பில் அவள் வீட்டில் அப்போது ஜன்னல் வரை தண்ணீர்.

"இங்க யாருக்கா பொறுப்பு?"

"கவர்மெண்டு ஆளு முன்னாடி மேசைல இருப்பாரு. சோத்துக்குன்னா நான். என்ன வேணும்?"

"சனிக்கிழமை எனக்குக் கல்யாணம். இந்த டேவான்லதான் விருந்து வச்சிருந்தோம்."

கரண்டி நின்றது. கிருஷ்ணம்மா அவளை மேலும் கீழும் பார்த்தாள். "அலமாக். எங்கள வெளிய போகச் சொல்ல வந்தியா?"

"இல்லக்கா. நாங்க உள்ள வரலாமான்னு கேக்க வந்தேன். சர்ச்சுக்குள்ளயும் தண்ணி. தாலி கட்டுறதே இங்கதான் ஆகும்போல."

"எத்தன பேரு?"

"முந்நூறு பேரச் சொன்னோம். எத்தன பேர் வந்து சேருவாங்கன்னு தெரியல."

கிருஷ்ணம்மா அடுப்பைக் குறைத்துவிட்டு மண்டபத்துக்குள் போய்க் கையைத் தட்டினாள். மலாயில், பிறகு தமிழில், விஷயத்தைச் சொன்னாள். கூடாரங்களின் வாயில்களில் முகங்கள் எட்டிப் பார்த்தன. ஒரு மலாய்க்காரப் பெண் மணப்பெண்ணைக் காட்டச் சொன்னாள். ஸ்டெஃபனி சேற்றுக் காலோடு கையைத் தூக்கினாள். சிரிப்பு எழுந்தது. மூலையிலிருந்த சீனக் கிழவர் பீர் உண்டா என்று விசாரித்தார்.

"அது மட்டும் கிடையாது லா அங்கிள்," என்றாள் கிருஷ்ணம்மா. "வேற யாருக்காச்சும் ஆட்சேபனை இருக்கா? இல்ல. சரி பாப்பா, போய் முகத்துக்குப் பவுடர் வாங்கி வை. ஆனா நடுவுல பாதை வேணும்னா கூடாரத்தத் தூக்கித் தர உங்காளுங்களையும் அனுப்பு. எங்காளுங்களுக்கு நேத்துலேர்ந்து இடுப்பு போச்சு."

பாதிரியார் ஆயர் இல்லத்துக்குத் தொலைபேசியில் பேசி அனுமதி வாங்கினார். தேவாலயம் முழுகியிருந்தால் தகுந்த வேறு இடத்தில் தாலி மந்திரிக்கலாம் என்று சொல்லிவிட்டார்கள். வெள்ளி இரவு, அவள் சொன்னபடியே, கீழே இருந்த பள்ளிக்கூடத்தில் தண்ணீர் ஏறியது. அங்கே யாரும் இல்லை.

சனி விடியும்போது மழை நின்றிருந்தது. ஸ்டெஃபனி அம்மாவின் கல்யாணத்துப் பழைய வெள்ளைச் சேலையில், மேட்டின் விளிம்பில் நின்று பார்த்தாள். ஊர் இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் வரை பால் நிறத்தில் ஒரு கண்ணாடி. அதில் கூரைகள் மிதந்தன, விளக்குக் கம்பங்கள் தங்கள் நிழல்மேல் நின்றன. வானம் கீழேயும் இருந்தது. கொக்கு ஒன்று பறந்தபோது அதற்கு நேர் கீழே இன்னொரு கொக்கு வயிறு மேலாகப் பறந்தது. நீர் ஓடுகிற சத்தமே இல்லை. அது காத்திருக்கிறது என்று அவள் நினைத்துக்கொண்டாள். எங்கோ முகத்துவாரத்தில் கடல் தாழ்வதற்காக இந்த ஊர் அளவு நீர் மூச்சை அடக்கிக்கொண்டு நிற்கிறது.

கூலாயிலிருந்து வரவேண்டிய சமையல்காரர் டோல் சாவடி தாண்டி வண்டி வராது என்று போனில் புலம்பினார். சிங்கப்பூர்ப் பேருந்திலிருந்த உறவினர்கள் பாதி வழியில் திரும்பிவிட்டார்கள். லெஸ்லியின் போன் எடுக்கவில்லை.

பிறகு அந்தக் கண்ணாடியின் மேல் ஏதோ நகர்ந்தது.

செம்பனைக் குலை ஏற்றுகிற பெரிய லாரி. சாலை கண்ணுக்குத் தெரியாததால், ஓட்டுநர் இரு பக்கத்துக் கம்பங்களுக்கும் நடுவை மட்டும் பிடித்துக்கொண்டு மிக மெதுவாக வந்தார். சக்கரம் தெரியவில்லை. லாரி நீர்மேல் வழுக்கி வருவதுபோலிருந்தது. பின்தட்டில், நடுவில், ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. அதில் அரக்குப் பட்டு, கழுத்து நிறைய நகை, கையில் விரித்த குடை, நிமிர்ந்த முதுகு. திருவிழாச் சப்பரத்தில் மாதா சொரூபம் வருவதுபோல கெர்ட்ரூட் வந்துகொண்டிருந்தார். பக்கத்தில் கோட்டும் சூட்டும் போட்ட லெஸ்லி நாற்காலி நகராமல் காலைப் பிடித்துக்கொண்டு குந்தியிருந்தான்.

லாரி மேட்டில் ஏறி நின்றது. கெர்ட்ரூட் இறங்குவதற்கு நாலு பேர் கை கொடுத்தார்கள். தரையில் கால் ஊன்றியதும் அவர் ஸ்டெஃபனியைப் பார்த்தார்.

"எந்தக் காலத்துலயும் வராதுன்ன?"

"மேட்டுக்கு வரல ஆண்டி," என்றாள் ஸ்டெஃபனி. "ஆனா நான் யோசிச்சது தப்பு. உள்ள ஆளுங்க இருக்காங்க. எல்லாம் வீடு முழுகினவங்க. மன்னிச்சிருங்க."

கெர்ட்ரூட் நேராக வாசலுக்குப் போனார். அங்கே மேசைக்குப் பின்னாலிருந்த அரசாங்க ஊழியர், பழக்க தோஷத்தில், ஐசி என்கிற அடையாள அட்டையைக் கேட்டார். தலைக்கணக்குச் சரியாக இருந்தால்தான் பாயும் சோறும் கணக்காகப் போகும். லெஸ்லி தன் அட்டையைக் கொடுத்தான். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"சிங்கப்பூரா?" என்று மலாயில் கேட்டார். "சிங்கப்பூர்லேர்ந்துகூட இங்க ஒதுங்க வந்தாச்சா?"

முதலில் சிரித்தது கெர்ட்ரூட்தான். லாரியில் அடக்கி வைத்திருந்த பயமெல்லாம் சிரிப்பாக வந்தது. குலுங்கிக் குலுங்கிச் சிரித்துக் கண்ணைத் துடைத்தார்.

கூடாரங்களை எடுக்கவில்லை. ஒவ்வொன்றையும் நாலு பேராகத் தூக்கிக் கொஞ்சம் நகர்த்தினார்கள். துணி வீடுகள் அசைந்து, மிதந்து, விலகின. மண்டபத்தின் நடுவே வாசலிலிருந்து மேடை வரை ஒரு பாதை திறந்தது. மடக்கு மேசை பீடம் ஆயிற்று. முழங்கால் வரை நனைந்த அங்கியோடு பாதிரியார் தாலியை மந்திரித்துக் கொடுத்தார். லெஸ்லி போட்ட முடிச்சு நழுவியது.

"கப்பல்ல கயிறு கட்டத் தெரியும், இது தெரியாதா?" என்று கிருஷ்ணம்மா பின்னாலிருந்து குரல் கொடுத்தாள். இரண்டாவது முறை முடிச்சு விழுந்தது. கூடாரங்களின் வாயில்களிலிருந்து கைதட்டல் எழுந்தது. கிளியும் கத்தியது.

ஸ்டெஃபனிக்கு எல்லாம் எங்கோ ஆழத்தில் நடப்பதுபோலிருந்தது. கழுத்தில் மஞ்சள் கயிற்றின் ஈரம் மட்டும் நிஜமாக இருந்தது.

விருந்து கிருஷ்ணம்மா வீட்டுச் செலவு என்று அவளே அறிவித்தாள். சோறு, சார்டின் சம்பல், கங்கோங் கீரை, ஆளுக்கு அரை முட்டை. மணமக்களுக்கு மட்டும் முழு முட்டை. கெர்ட்ரூட் பட்டுச் சேலையை முழங்காலுக்கு மேல் சுருட்டிச் செருகிக்கொண்டு பாயில் சம்மணமிட்டார். ஒரு வாய் சாப்பிட்டார். இன்னொரு வாய் சாப்பிட்டார். பிறகு மருமகளிடம் திரும்பினார்.

"இந்தத் தண்ணி எப்ப போகும்?"

"கடல் வழி விடணும் ஆண்டி. ஓதம் சின்னதாக ரெண்டு மூணு நாளாவும். அப்புறமும் மெதுவாத்தான் போகும். மண்ணு குடிச்சத உடனே விடாது."

"நம்ம பக்கம் ஒரு மணி நேரத்துல போயிரும்."

"மழைத் தண்ணி போயிரும். கடலே ஏறி வந்தா போகாது."

கெர்ட்ரூட் கையில் பிசைந்த சோற்றோடு நிமிர்ந்து பார்த்தார். வாசலுக்கு வெளியே அந்த வெள்ளைக் கண்ணாடி அசையாமல் கிடந்தது.

"சரி, நீதான் ரெண்டு ஊரையும் கணக்குப் போட்டியே. எங்களுக்கு ஒரு நாள் இப்படி வந்துச்சுன்னா, அவ்ளோ ஜனமும் எங்க போவோம்?"

கடல் தடுப்புச் சுவர்கள், ஓத வாயில்கள், நீர் இறைப்பான்கள் என்று சிங்கப்பூர் கட்டுவதெல்லாம் ஸ்டெஃபனிக்கு மனப்பாடம். அந்தக் கேள்விக்கு மட்டும் அவள் ஒப்பீட்டில் ஒரு வரிகூட இல்லை.

வாளியோடு சோறு போட்டுக்கொண்டு வந்த கிருஷ்ணம்மா கெர்ட்ரூட்டின் தட்டில் கேட்காமலே இன்னொரு கரண்டி வைத்தாள்.

"எங்க போவீங்க? இங்கதான் வரணும் லா," என்றாள். "ஆனா கிளம்பும்போதே ஒரு போன் பண்ணிருங்க சம்பந்தி. உலையில அரிசி கூடப் போடணும்ல."